கதவைத் தட்டப் போகிறவர்களுக்கு: ஸ்காட்லாந்து பொதுவாக்கெடுப்பில் நான் கற்ற வேலை

ஸ்காட்லாந்தில் எனக்கு ஓட்டு இருக்கிறது என்று முதலில் சொன்னவர், என் மகனின் பள்ளிக்கூட வாசலில் நின்ற இன்னொரு அம்மா. நான் நம்பவில்லை. என் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். ஆனால் அவர் சொன்னது சரி. முறையான விசாவோடு ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் ஸ்காட்லாந்து பிரிட்டனில் இருந்து பிரிந்து தனி நாடாக வேண்டுமா என்று கேட்டு 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களிக்கலாம் என்று இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்து, வேலைக்காக லண்டனுக்குக் குடிபோன ஸ்காட்லாந்துக்காரருக்கு அந்த ஓட்டு கிடையாது. அம்பாசமுத்திரத்தில் பிறந்த எனக்கு உண்டு. அது புரிந்த அன்று, ஓட்டை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஒன்பது மாதம் கிளாஸ்கோவின் தெற்குப் பகுதியில் 'ஆம்' பக்கத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேன். என் வீட்டுக்காரர் 'இல்லை' பக்கம்.

இப்போது இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள்: "அக்கா, மறுபடியும் வாக்கெடுப்பு வந்தால் நாங்கள் என்ன செய்யலாம்?" வருமா, எப்போது வரும் என்பதெல்லாம் லண்டன் கையில் இருக்கிறது, ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாகவே இதற்குச் சட்டம் போட முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வேலையை எப்படிச் செய்வது என்று எழுதி வைக்கலாம். நாங்கள் தோற்ற பக்கம். எங்கே கோட்டை விட்டோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். எந்தப் பக்கம் நிற்பவருக்கும் இது பயன்படும்.

முதலில் கேள்வியை மனப்பாடம் செய்யுங்கள்

வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி, "ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?" ஆங்கிலத்தில் ஆறே சொல். ஸ்காட்லாந்து அரசு முதலில் எழுதிய கேள்வி வேறு: "ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?" தேர்தல் ஆணையம் அதைப் பொதுமக்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்ற சொல்லே ஆளை 'ஆம்' பக்கம் இழுக்கிறது என்று சொல்லி 2013 தொடக்கத்தில் அதை எடுக்கச் சொன்னது. அரசும் ஏற்றுக்கொண்டது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம் உண்டு.

வாசலில் நிற்கும்போது இந்தக் கேள்வியை அப்படியே சொல்லிக் காட்டுங்கள். ஏன் என்றால் பாதிப்பேர் வேறு ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்வார்கள். "எனக்கு அலெக்ஸ் சால்மண்டைப் பிடிக்காது" என்பது நான் அதிகம் கேட்ட வாக்கியம். அவர் அப்போது ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சர். "சீட்டில் அவர் பெயர் இருக்காது. நாட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். அவரை இரண்டு வருடத்தில் தேர்தலில் நீக்கிவிடலாம்" என்று சொல்வேன். சிலர் அங்கேயே நின்று யோசிப்பார்கள். எதிர்ப் பக்கத்தில் நின்றாலும் இதே வழிதான். "எனக்கு டேவிட் கேமரனைப் பிடிக்காது, அதனால் 'ஆம்'" என்று சொன்னவர்களும் நிறைய. அவர் அப்போது பிரிட்டன் பிரதமர். ஆளையும் நாட்டையும் பிரித்துக் காட்டுவதுதான் முதல் வேலை.

சட்ட விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரசாரச் செலவுக்கு வரம்பு உண்டு. 2014இல் வாக்கெடுப்புக்கு முந்தைய 16 வாரத்தில் இரண்டு முதன்மை அணிகளுக்கும் தலா 15 லட்சம் பவுண்டு. 10,000 பவுண்டுக்கு மேல் செலவழித்த எந்தக் குழுவும் அப்போது பதிவு செய்திருக்க வேண்டியிருந்தது. நீங்களாகத் துண்டறிக்கை அச்சடித்தால் யார் அச்சடித்தது, யார் வெளியிட்டது என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஆர்வத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் முன் குழுவின் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படிக்கட்டு

கிளாஸ்கோவில் பெரும்பாலும் பழைய கல் கட்டடங்கள். ஒரு பொது நுழைவாயில், உள்ளே ஒரு சுற்றுப் படிக்கட்டு, மாடிக்கு இரண்டோ மூன்றோ வீடு. அந்தப் பொதுப் படிக்கட்டை இங்கே 'குளோஸ்' என்பார்கள். வீட்டு எண் 2/1 என்று இருந்தால் இரண்டாம் மாடியில் முதல் வீடு. வாக்காளர் பட்டியலும் அதே வரிசையில் இருக்கும். இது தெரியாமல் முதல் நாள் நான் பட்டியலை வைத்துக்கொண்டு முழித்தேன்.

உள்ளே போனதும் நேராக உச்சிக்கு ஏறிவிடுங்கள். மேலிருந்து கீழே இறங்கியபடி தட்டுங்கள். கீழிருந்து ஆரம்பித்தால் இரண்டாம் மாடியில் யாராவது கோபமாகப் பேசிவிட்டால் மேலே ஏற மனம் வராது. மேலே இருப்பவர்கள் எப்போதும் விடுபட்டுப் போவார்கள். முட்டி வலி இருப்பவர்களுக்கும் இதுதான் நல்லது. எப்போதும் இரண்டு பேராகப் போங்கள்: ஒருவர் இடது கை வீடு, ஒருவர் வலது கை வீடு. ஒருவரை உள்ளே கூப்பிட்டால் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிக்கதவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழுத்தாதீர்கள். ஒரு வீட்டை அழுத்தி, பெயரைச் சொல்லி, எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கக் கேளுங்கள். பொய் சொல்லி உள்ளே போனால் அந்தக் கட்டடம் முழுவதும் உங்களுக்கு எதிராகப் போய்விடும். வார நாளில் மாலை 6 மணியிலிருந்து 8 மணி வரை, சனிக்கிழமை காலை 11 மணிக்குப் பிறகு. செல்டிக், ரேஞ்சர்ஸ் பந்தாட்ட நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் தட்டினால் யாரும் பேச மாட்டார்கள்.

பையில் ஒரு தோசைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். இங்கே கதவில் தபால் போட ஒரு பித்தளைத் துவாரம் இருக்கும். உள்ளே நாய் இருந்தால் உங்கள் விரலுக்காகக் காத்திருக்கும். என்னோடு வந்த ஒரு பெரியவர் மரக் கரண்டி வைத்திருந்தார். நான் வீட்டிலிருந்து மரத் திருப்பியைக் கொண்டு போனேன். துண்டறிக்கையை அதன் மேல் மடித்து வைத்துத் தள்ளினால் விரல் தப்பும். செப்டம்பர் வரும்போது அதன் முனையில் பல் தடம் விழுந்திருந்தது.

பேச்சு

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எளிமையானது. வணக்கம் சொல்லி, பெயரைச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி: "1 என்றால் நிச்சயமாக 'இல்லை', 10 என்றால் நிச்சயமாக 'ஆம்'. நீங்கள் இன்றைக்கு எந்த எண்ணில் இருக்கிறீர்கள்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். நாலு விநாடி அமைதியைத் தாங்க முடியாமல் நாமே பேச ஆரம்பித்துவிடுவோம்.

எண் கேட்பதில் ஒரு நன்மை இருக்கிறது. 'ஆமா, இல்லையா' என்று கேட்டால் ஆள் ஒரு பக்கம் நின்றுவிடுவார். பிறகு அந்தப் பக்கத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார். எண் சொன்னவரிடம் "ஏன் 4? ஏன் 2 இல்லை?" என்று கேட்கலாம். அப்போது தன் வாயாலேயே உங்களுக்குச் சாதகமான காரணத்தைச் சொல்வார். அந்தக் காரணத்தோடு சண்டை போடாமல், அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசுங்கள்.

1, 2, 3 சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போங்கள். வாதம் வேண்டாம். 8, 9, 10 என்றால் பட்டியலில் பெயர் இருக்கிறதா, தபால் ஓட்டா, வாக்குச்சாவடி தெரியுமா என்று மட்டும் கேளுங்கள். ஏற்கெனவே நம்மோடு இருப்பவரிடம் இருபது நிமிடம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருப்பதுதான் இந்த வேலையில் பெரிய நேர விரயம். 4 முதல் 7 வரை இருப்பவரிடம்தான் உங்கள் மாலை. அவரிடம் கேட்க வேண்டியது: "முடிவெடுக்க உங்களுக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்?"

லாங்சைடு பக்கம் ஒரு 3/2 வீட்டில் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். எழுபது வயதுக்கு மேல். என் கேள்விக்கு அவர் சொன்ன பதில்: "என் பென்ஷன் எந்தக் காசில் வரும்?" நான் மளமளவென்று பேசினேன். 2013 நவம்பர் 26 அன்று ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அறுநூறு பக்கத்துக்கு மேல். அதில் பவுண்டையே பொதுவாக வைத்துக்கொள்வோம் என்று இருந்தது. அதை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது அரசாங்கம் சொல்வது. லண்டன் மாட்டேன் என்று சொல்லிவிட்டதே. உனக்கு என்ன தெரியும்?" என்றார். 2014 பிப்ரவரி 13 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே வந்து, பொது நாணயம் கிடையாது என்று சொல்லியிருந்தார். தொழிற்கட்சியும் லிபரல் டெமாக்ரட்டுகளும் அதையே சொன்னார்கள். ஆகஸ்ட் 5 அன்று தொலைக்காட்சி விவாதத்தில் 'இல்லை' அணியின் தலைவர் அலிஸ்டர் டார்லிங் இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது சால்மண்டாலேயே நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் எம்மாத்திரம்? இருந்தும் பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர், "சரி ஹென், யோசிக்கிறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். 'ஹென்' என்பது கிளாஸ்கோவில் பெரியவர்கள் பெண்களைப் பாசமாகக் கூப்பிடும் சொல், எங்கள் ஊரில் 'தாயி' என்பது போல. அந்தச் சொல்லில் மயங்கி அவர் பெயருக்கு நேராக 6 என்று எழுதினேன்.

நான் அன்று செய்திருக்க வேண்டியது இதுதான். "எந்தக் காசு என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. எங்கள் திட்டம் பவுண்டு. லண்டன் மறுத்திருக்கிறது. 'ஆம்' வந்த பிறகு பேச்சுவார்த்தையில் மாறும் என்று நான் நம்புகிறேன், ஆனால் அது என் நம்பிக்கை" என்று சொல்லியிருக்க வேண்டும். பிறகு சில வீடுகளில் அப்படியே சொல்லிப் பார்த்தேன். கதவுகள் அதிக நேரம் திறந்திருந்தன. உங்கள் பக்கத்தின் மிகப் பலவீனமான கேள்வி எது என்று முதல் வாரமே கண்டுபிடித்து, அதற்கு இரண்டு வாக்கியத்தில் உண்மையான பதில் ஒன்றை எழுதி, கண்ணாடி முன் சொல்லிப் பழகுங்கள். மற்ற கேள்விகளுக்குப் பதில் தானாக வரும்.

'யோசிக்கிறேன்' என்றால் என்ன

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது தெரிந்த நானே ஸ்காட்லாந்துக்காரர்களின் மரியாதையைத் தப்பாகப் படித்தேன். கிளாஸ்கோ மக்கள் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். '5' என்பார்கள். 'இன்னும் முடிவு பண்ணவில்லை' என்பார்கள். 'உங்களுக்கு நல்லபடியாக நடக்கட்டும்' என்பார்கள்.

அதனால் எண் குறிக்கும்போது கீழே இறக்கியே குறியுங்கள். 5 என்று சொல்லி, கதவின் பின்னால் பாதி மறைந்து நின்று, கேள்வி எதுவும் கேட்காதவர் 5 இல்லை. 4 என்று சொல்லி, வாசல்படிக்கு வெளியே வந்து, பத்து நிமிடம் உங்களைத் திட்டி, "சரி, மீன்பிடித் தொழில் என்ன ஆகும்?" என்று கேட்பவர் நிஜமாகவே யோசிக்கிறார். நான் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு குறி போட ஆரம்பித்தேன்: கேள்வி கேட்டாரா, இல்லையா. ஜூலையில்தான் ஆரம்பித்தேன். ஜனவரியிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் தாள்கள் எங்களையே ஏமாற்றின. ஒவ்வொரு மாலையும் குழுவில் எண்களைச் சேர்ப்போம். யார் அதிகம் 'ஆம்' கொண்டுவந்தார்கள் என்று ஒரு சின்னப் போட்டி இருந்தது. கை தட்டுவார்கள். கை தட்டல் கிடைக்கும் இடத்தில் 5 தானாகவே 6 ஆகும், 6 என்பது 7 ஆகும். நீங்கள் குழுப் பொறுப்பில் இருந்தால், அதிகமான 'ஆம்' கொண்டுவந்தவரைப் பாராட்டாதீர்கள். அதிகக் கதவு தட்டியவரைப் பாராட்டுங்கள்.

பெண்கள், டீ, சுண்டல்

கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலும் ஆண்களை விடப் பெண்கள் 'இல்லை' பக்கம் அதிகம் இருந்தார்கள். இரண்டு பக்கமும் இதைத் துரத்தின. 'இல்லை' பக்கத்தின் 'பெட்டர் டுகெதர்' அணி ஆகஸ்ட் கடைசியில் ஒரு விளம்பரப் படம் விட்டது: ஒரு அம்மா சமையலறையில் கோப்பையோடு உட்கார்ந்து, அரசியல் பேசும் கணவனை அலுத்துக்கொண்டு, கடைசியில் 'இல்லை' என்று முடிவு செய்வாள். ஸ்காட்லாந்து முழுக்கப் பெண்கள் கொதித்துப் போனார்கள். அவர்களுக்கு அரசியல் புரியாது, நேரமும் இல்லை என்பது போல அது இருந்தது. முடிவெடுக்காதவரை அறியாதவர் என்று நினைத்துப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பெரும்பாலும் அவர்கள்தான் அதிகம் படித்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் 'விமன் ஃபார் இன்டிபென்டன்ஸ்' குழுவினர் வேறு மாதிரி செய்தார்கள். மேடை இல்லை, பேச்சாளர் இல்லை, சின்னச் சின்னக் கூட்டம். அதைப் பார்த்து நானும் என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பெண்களைக் கூப்பிட்டேன். பொல்லக்ஷீல்ட்ஸில் இருந்து இரண்டு பஞ்சாபி அம்மாக்கள், ஒரு பாகிஸ்தானிய மருந்தாளர், இரண்டு மலையாளிச் செவிலியர்கள், மூன்று தமிழ்ப் பெண்கள். டீயும் கொண்டைக்கடலைச் சுண்டலும். அரை மணி நேரம் நான் எதுவும் பேசக் கூடாது என்று எனக்கே விதி வைத்துக்கொண்டேன்.

அங்கே வந்த கேள்விகள் தொலைக்காட்சியில் வரவே இல்லை. என் நிரந்தரக் குடியிருப்பு உரிமை புதிய நாட்டில் செல்லுமா? பெர்மிங்காமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகப் பாஸ்போர்ட் காட்ட வேண்டுமா? பிள்ளைகளுக்கு இங்கே பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை, அது தொடருமா? செவிலியர் இருவரும் அரசு மருத்துவச் சேவையைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஒன்பது மாதத்தில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை அந்த மதியம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். எட்டுப் பேரில் இரண்டு பேர் மாறினார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர் நம் பக்கம் வந்தார். ஒருவர் 'இல்லை' பக்கம் போனார்.

நீங்கள் வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்றால் உங்களால் மட்டுமே போக முடிகிற வீடுகள் இப்படி இருக்கும். குழுவிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் இன்னொன்று: நம் மக்களின் ஓட்டை யாரும் சட்டைப் பையில் இருப்பதாக எண்ணக் கூடாது. கனடாவில் இருந்து கியூபெக் மாநிலம் பிரிவதா என்று 1995 அக்டோபர் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 'ஆம்' 49.42 சதவீதத்தில், 54,288 ஓட்டில் தோற்றபோது, அதன் தலைவர் ஜாக் பாரிசோ மேடையேறி, பணமும் இனக்குழுக்களின் ஓட்டும் தங்களைத் தோற்கடித்ததாகச் சொன்னார். மறுநாள் பதவி விலகல் அறிவித்தார். அப்போது மான்ட்ரியலில் குடியிருந்த என் ஒன்றுவிட்ட அண்ணன் அந்த ஒரு வாக்கியத்தை இருபது வருடம் கழித்தும் வலியோடு சொன்னார். யாரை வந்தேறி என்று ஒதுக்கிப் பேசுகிறோமோ அவர்களிடம் மறுபடி போய்க் கதவு தட்ட முடியாது.

அச்சத்தை எப்படிக் கையாள்வது

'இல்லை' பக்கத்தின் பிரசாரத்துக்கு 'அச்சத் திட்டம்' என்று பெயர் விழுந்தது. நாணயம், பென்ஷன், ஐரோப்பிய ஒன்றியம், வங்கிகள், விலைவாசி என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று வரும். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தே, 'ஆம்' வந்தால் பதிவு அலுவலகத்தை லண்டனுக்கு மாற்றுவோம் என்று அறிவித்தது. நாங்கள் ஒவ்வொன்றையும் 'மிரட்டல்' என்று சொல்லிக் கடந்தோம். நம் ஆட்களுக்கு அது உற்சாகம் கொடுத்தது. 5இல் இருப்பவருக்கு அது அவமானமாகப் பட்டது. பயப்படுகிறவரை நீ ஏமாந்துவிட்டாய் என்று சொல்வதும் கோழை என்று சொல்வதும் அவர் காதில் ஒன்றுதான்.

இதை நான் வீட்டில்தான் கற்றேன். என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக் கடன் பவுண்டில் இருக்கிறது, சம்பளம் வேறு காசில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நான் கோபப்பட்டேன். இரண்டு வாரம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டே, "சரி, அப்படி நடந்தால் நமக்கு மாதம் எவ்வளவு இடிக்கும், கணக்குப் போடுவோம்" என்றேன். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் மாறவில்லை. ஆனால் பேச்சு மறுபடியும் ஆரம்பித்தது. வாசலிலும் அதையே செய்யுங்கள்: பயத்தை மறுக்காதீர்கள், அது நடந்தால் அந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று அவரோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். எண்ண முடியாத பயம்தான் ஓட்டை முடிவு செய்கிறது.

கருத்துக்கணிப்பைப் படிக்கும் விதம்

செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை யூகவ் கணிப்பு வந்தது: 'ஆம்' 51, 'இல்லை' 49. எங்கள் குழுவில் அழுதவர்கள் உண்டு. நானும் அழுதேன். ஆனால் அதை நிதானமாகப் படித்திருந்தால் மூன்று விஷயம் தெரிந்திருக்கும். அது முடிவெடுக்காதவர்களைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு. ஆயிரம் பேரைக் கேட்கும் கணிப்பில் எப்படியும் மூன்று சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். அதோடு அந்தக் காலத்தில் வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை 'இல்லை' முன்னிலை என்றே சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு கணிப்பைப் பார்க்காதீர்கள். ஒரே நிறுவனம் மாதா மாதம் எடுப்பதை வரிசையாக வைத்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் ஆகஸ்டில் எங்கள் பக்கம் ஏறியது உண்மை.

அந்த 51 எங்களை விட எதிர்ப் பக்கத்தைத்தான் அதிகம் எழுப்பிவிட்டது. மூன்று நாளில் கேமரன், தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட், லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் மூவரும் லண்டன் நாடாளுமன்ற வேலையை விட்டுவிட்டு ஸ்காட்லாந்து வந்தார்கள். 16ஆம் தேதி 'டெய்லி ரெக்கார்ட்' நாளிதழின் முதல் பக்கத்தில் மூவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி: ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம். மறுநாள் கிளாஸ்கோவின் மேரிஹில்லில் முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுன் பேசியதைக் கேட்டு என் வீட்டுக்காரர் கண் கலங்கினார். அதுவரை மாற்றம் என்றால் 'ஆம்' மட்டும்தான் என்று சொல்லிவந்தோம். இப்போது 'இல்லை' போட்டாலும் ஏதோ மாற்றம் கிடைக்கும் என்று ஆகிவிட்டது. இதற்கு எங்களிடம் பதில் தயாராக இல்லை. கடைசி வாரத்தில் எதிர்ப் பக்கம் ஒரு சலுகை கொண்டுவரும் என்று எண்ணி, அதற்கான பதிலை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

கடைசிக் கணிப்புகள் 'இல்லை'க்கு 52, 53 என்ற அளவில் கொடுத்தன. வந்தது 55.3. கியூபெக்கிலும் கடைசி வாரக் கணிப்புகள் பல 'ஆம்' முன்னிலை காட்டி, கடைசியில் 'இல்லை' வந்தது. முடிவெடுக்காதவர்கள் சாவடிக்குள் போனதும் இருப்பதே இருக்கட்டும் என்ற பக்கம் அதிகம் சாய்கிறார்கள். நீங்கள் மாற்றம் கேட்கும் பக்கம் என்றால், 51 வந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். 55 வரை ஏறினால்தான் மூச்சு விடுங்கள்.

வாக்கெடுப்புக்குப் பிறகும் கணிப்பால் ஏமாறலாம். 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு முதல் முறையாக ஓட்டு கொடுத்த வாக்கெடுப்பு இது. அவர்களில் 71 சதவீதம் பேர் 'ஆம்' போட்டதாக மறுநாளே ஒரு படம் எல்லோர் போனிலும் சுற்றியது. ஆஷ்கிராஃப்ட் பிரபு எடுத்த அந்தக் கணிப்பில் இரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் 16, 17 வயதில் இருந்தவர்கள் 14 பேர். சதவீதம் பார்த்தால், எத்தனை பேரில் என்று கேளுங்கள்.

ஓட்டு நாள்

தபால் ஓட்டை மறக்காதீர்கள். ஏழேமுக்கால் லட்சத்துக்கும் அதிகமானோர் தபால் ஓட்டுக்குப் பதிவு செய்திருந்தார்கள். சீட்டுகள் ஆகஸ்ட் கடைசியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டன. அவர்களுக்கு ஓட்டு நாள் செப்டம்பர் 18 இல்லை, சீட்டு வந்த அன்று மாலை. அந்தப் பட்டியலைத் தனியாக எடுத்து, மூன்று வாரம் முன்பே அந்த வீடுகளை முடித்துவிட வேண்டும்.

அன்றைக்குக் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை ஓட்டு. 8, 9, 10 என்று குறித்த வீடுகளுக்கு மட்டும் போங்கள், புதிதாக யாரையும் மாற்ற முயற்சி செய்யாதீர்கள். காலையில் ஒரு சுற்று, மாலை 5 மணிக்கு ஒன்று, 8 மணிக்கு ஒன்று. போட்டாச்சு என்றவர் பெயரை அடித்துவிட்டு நகருங்கள்.

84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். கிளாஸ்கோவில் 75 மட்டும். 32 பகுதிகளில் அதுதான் குறைவு. எங்கள் எல்லையை ஒட்டிய கிழக்கு டன்பார்டன்ஷயரில் 91. கிளாஸ்கோ 53.5 சதவீதம் 'ஆம்' கொடுத்த ஊர் என்பதால், "நம் ஊர்க்காரர்கள் ஒழுங்காக வந்து போட்டிருந்தால் ஜெயித்திருப்போம்" என்று இன்றும் சொல்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளாஸ்கோவில் ஏறத்தாழ 4.86 லட்சம் வாக்காளர்கள். இன்னும் பத்து சதவீதம் பேர் வந்திருந்தால் நாற்பத்தெட்டாயிரம் ஓட்டுச் சொச்சம். அதே விகிதத்தில் பிரிந்தால் எங்களுக்கு நிகர லாபம் மூவாயிரத்து நானூறு. வந்தவர்கள் ஒருவர் விடாமல் 'ஆம்' போட்டிருந்தாலும் போதாது. நாங்கள் தோற்றது 3,83,937 ஓட்டில். ஆட்களைத் திரட்டுவது முக்கியம்தான், ஆனால் நம்பியிருந்த 6, 7 எல்லாம் நிஜமாக 6, 7 ஆக இல்லை என்பதை அது மறைத்துவிடக் கூடாது.

அடுத்த நாள்

முதல் முடிவு கிளாக்மனன்ஷயரில் இருந்து நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு வந்தது. அங்கே ஜெயிப்போம் என்று எதிர்பார்த்திருந்தோம், 'இல்லை' 53.8. அப்போதே தெரிந்துவிட்டது. டண்டீயும் எங்கள் கிளாஸ்கோவும் 'ஆம்' என்று வந்தபோது குழுவில் யாருக்கும் கை தட்டத் தெம்பில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் தூங்காமல் காத்திருந்தார். ஒன்றும் பேசாமல் டீ போட்டுக் கொடுத்தார்.

தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரு வாரத்துக்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஜன்னல்களில் ஒட்டக் கொடுத்த சுவரொட்டிகளை எடுக்க உதவுங்கள், கதவு திறந்தவர்களுக்கு நன்றி சொல்லுங்கள், தாள்களைக் கணக்குப் பார்த்துப் பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுங்கள். அதில் இருப்பது பிறருடைய அரசியல் கருத்து. உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கக் கூடாது.

நான் 3/2க்கும் போனேன். அந்தப் பெரியவர் இந்தமுறை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "'இல்லை'தான், ஹென். அன்றைக்கே உன்னிடம் சொன்னேனே."

மறுநாள் தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்த 6ஐ அடித்துவிட்டு 2 என்று எழுதினேன்.